கான்டெசாவுக்கு எந்த டார்க் கன்வெர்ட்டர்? புளியரை ஏத்தத்த வச்சு ஒரு கணக்கு

மாப்ள ஒருத்தன் கான்டெசா கார் வச்சிருக்கான். டிஎன் 76 நம்பர். பானெட்டுக்கு கீழ டொயோட்டாவோட ஒன் ஜேஸட் டர்போ, ரெண்டரை லிட்டர் ஆறு சிலிண்டர், அதுலயும் பின்னால வந்த விவிடி-ஐ (வால்வு திறக்குற நேரத்த மாத்துற) மாடல், அதுக்குப் பின்னாடி ஏ340 குடும்பத்து நாலு கியர் ஆட்டோ பாக்ஸ். என்ஜின் மாத்தினது 2012ல, அப்பவே ஆர்சில ஏத்தியாச்சு. இப்ப புதுசா இந்த மாதிரி செய்ய நெனைக்கவங்க கொஞ்சம் நின்னு யோசிங்க, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட் கம்பெனி குடுத்த வடிவத்த மாத்தக்கூடாதுன்னு தெளிவா சொல்லிட்டு, அதே வருசம் திருத்தின சட்டத்துல ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5000 ரூவா அபராதம், ஆறு மாசம் வரை உள்ள போற வாய்ப்பும் இருக்கு. ஆரியங்காவு பக்கம் நிக்குற மலையாள ஆபீசர்ட்ட போயி நம்ம நியாயத்த பேச முடியாது பாத்துக்கோங்க.

சரி விசயத்துக்கு வருவோம். என்ஜினுக்கும் ஆட்டோ பாக்ஸுக்கும் நடுவுல உக்காந்து, என்ஜினோட டார்க்க (சுத்துற விசைய) எண்ணெய் வழியா கடத்துறதுதான் டார்க் கன்வெர்ட்டர். மூணு மாசமா அவன் என்ன குடையுதான், "கன்வெர்ட்டர் மாத்தணும்ல, எது வாங்க?"ன்னு. போன்ல வீடியோவா பாத்துட்டு ஒருநாள் 3500 ஸ்டாலுங்கான் (ஸ்டால்னா என்னன்னு கீழ சொல்லுதேன்), மறுநாள் 2400 போதுங்கான். அவனுக்குச் சொன்னத கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுதேன், வேற யாருக்காவது உதவும்.

மொதல்ல வண்டி எங்க ஓடுதுன்னு பாக்கணும். வீடு செங்கோட்டை, தொழில் பிரானூர்ல மரக்கடை, வாரத்துக்கு ரெண்டு தடவ புனலூர். சுமார் 50 கிலோமீட்டர், அதுல புளியரை எஸ் வளைவு தாண்டி கோட்டவாசல் வரை ஏத்தம், பெறவு ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலைன்னு வளைஞ்சு வளைஞ்சு எறக்கம். முன்னால எப்பவும் ஒரு தடி லோடு லாரி ஊர்ந்துட்டுப் போகும். சாரல் நேரத்துல கேரளாக்காரங்க குத்தாலத்துக்கு எறங்குவாங்க, கார்த்திகை மார்கழில நம்மாளுங்க சபரிமலைக்கு ஏறுவாங்க, ராத்திரியானா பிரானூர் பரோட்டா கடை வாசல்லயே அரை மணி நேரம் நகராது. வருசத்துக்கு ஒரு தடவ கோயமுத்தூர் செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்குக்கு போவான், அது ஒரு நாள். மிச்சம் 364 நாளும் இந்த ரோடுதான்.

கன்வெர்ட்டர் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சவங்க இந்த பத்திய தாண்டிப் போங்க. உள்ள மூணு சாமான். என்ஜினோட சேந்து சுத்துற இம்பெல்லர், அது எண்ணெய வீசி அடிக்கும். அந்த அடில சுத்துறது டர்பைன், அது கியர்பாக்ஸுக்குப் போற தண்டோட சேந்தது. டர்பைன்ல மோதிட்டு திரும்பி வர்ற எண்ணெய் எதிர்பக்கமா வந்து இம்பெல்லரயே தடுக்கும், அத மடக்கி சரியான பக்கம் விடுறதுதான் நடுவுல இருக்கிற ஸ்டேட்டர், வயல்ல மம்பட்டி போட்டு வாமடைய திருப்பி விடுறோம்லா அதே வேலைதான். இந்த மடக்குனாலதான் வண்டி நின்ன நெலையில கெளம்பும்போது என்ஜின் குடுக்கிற டார்க் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கா பாக்ஸுக்குப் போகுது, வேகம் கூடக்கூட அது குறைஞ்சு ஒண்ணுக்கு ஒண்ணா ஆயிரும். ஜெர்மன்காரர் ஃபோட்டிங்கர் 1905ல பேட்டன்ட் வாங்கினது காருக்கு இல்ல, கப்பலுக்கு. பியூக் கார்ல அது வந்தது 1948ல. நம்மூருக்கு காரோட வந்தத விட ஜேசிபியோட வந்ததுதான் அதிகம், அத பின்னால சொல்லுதேன்.

இப்ப ஸ்டால் நம்பர். பொட்டில 3000ன்னு போட்டிருந்தா என்ஜின் 3000 சுத்துற வரை வண்டி நகராதுன்னு பாதிப்பேரு நெனைக்காங்க. அது தப்பு. டர்பைன் அசையாம பிடிச்சு வச்சு முழு த்ராட்டில் குடுத்தா என்ஜின் எவ்வளவு வரைக்கும் சுத்த முடியுமோ அதுதான் ஸ்டால். அந்த எண்ணு கன்வெர்ட்டரோடது மட்டும் இல்ல, முன்னால இருக்கிற என்ஜினோடதும்தான். டார்க்கோட வர்க்கமூலத்துக்கு ஏத்த மாதிரி அது கூடும் குறையும். அமெரிக்காக்காரன் 540 நியூட்டன் மீட்டர் வி8 பின்னாடி வச்சு 3000ன்னு போட்ட கன்வெர்ட்டர, நம்ம மாப்ளயோட 378 நியூட்டன் மீட்டர் என்ஜினுக்குப் பின்னாடி வச்சா சுமார் 2500லயே நின்னுரும். அதே மாதிரி 3000 ஸ்டால் வண்டில நீங்க கால் வாசி டார்க்குல மெதுவா உருட்டினா அதோட ஸ்டால் 1500தான். பரோட்டா கடை வாசல்ல ஊர்றதுக்கு யாரும் 3000 சுத்த வைக்க வேண்டாம். அதனால அடுத்தவன் வண்டில என்ன நம்பர்னு கேட்டு வாங்குறது, அடுத்தவன் கண்ணாடிய வாங்கிப் போட்டுக்கிற கதைதான்.

இது புரிஞ்ச பெறவு அவன்ட்ட சொன்னேன், வாங்குறத விடு, இருக்கிறது என்ன செய்யுதுன்னு மொதல்ல பாப்போம்னு. மரக்கடை பின்னாடி காலி எடத்துல நாலு டயருக்கும் கட்டை வச்சு (மரக்கடைல கட்டைக்கா பஞ்சம்), ஹேண்ட் பிரேக், கால் பிரேக் ரெண்டும் பிடிச்சு, ஆயில் சூடான பெறவு லீவர டில (டிரைவ்ல) போட்டு முழுசா மிதிச்சோம். முள்ளு 2200கிட்ட நின்னுது. அஞ்சு செகண்டுக்கு மேல ஒருநாளும் பிடிக்காதீங்க. ஏன்னா அந்த நேரத்துல வண்டி நகரல, சக்கரத்துக்கு ஒண்ணும் போகல, என்ஜின் குடுக்கிறது அத்தனையும் எண்ணெய்ல சூடாத்தான் எறங்குது. 378 நியூட்டன் மீட்டர், 2200 ஆர்பிஎம்னு கணக்கு போட்டா சுமார் 87 கிலோவாட். வீட்ல இருக்கிற 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு நாப்பத்துமூணு, எல்லாத்தையும் ஒரு குண்டான் எண்ணெய்க்கு அடில ஒரே நேரத்துல பத்த வச்ச மாதிரி.

அந்த விவிடி-ஐ ஒன் ஜேஸட்டுக்கு உச்ச டார்க் வர்றது 2400லயே. கம்பெனி டர்போ சீக்கிரமே காத்து குடுத்துரும். ஸ்டால் 2200ங்கிறப்ப உச்சத்துக்கு 200 தான் பாக்கி. அப்ப "கெளம்பும்போது இழுக்கல, நெடுஞ்சாலைல ஊளை விடுது, ஏத்தத்துல சூடாகுது"ன்னு அவன் பொலம்புறது எங்க இருந்து வருது?

ரெண்டாவது பொலம்பல்ல இருந்து நூல் கிடைச்சுது. வண்டில 205/60 ஆர்15 டயர், பின் ஆக்சில்ல 3.9 கிரவுன் (கடைசி கியர் விகிதம்), நாலாவது கியர் 0.705. இந்தக் கணக்குல 80ல போகும்போது என்ஜின் 1860தான் சுத்தணும். தென்காசி ரோட்ல போயி பாத்தா முள்ளு 2100ல நிக்குது. 240 எங்க போச்சு? கன்வெர்ட்டர் வழுக்குது, அதாவது லாக்-அப் பிடிக்கவே இல்ல. லாக்-அப்ங்கிறது உள்ள இருக்கிற ஒரு கிளட்ச், ஓட்டம் சீரான பெறவு இம்பெல்லரையும் டர்பைனையும் ஒண்ணா பூட்டிரும், வழுக்கலும் இல்ல சூடும் இல்ல. டேஷ்போர்டுக்கு கீழ தலைய விட்டுப் பாத்தா, பாக்ஸ்ல இருந்து வர்ற வயர் கட்டுல ஒண்ணு மட்டும் இன்சுலேஷன் டேப் சுத்தி மடக்கி வச்சிருக்கு. லாக்-அப் சொலினாய்டுக்கு (கரண்ட்ல திறக்குற வால்வுக்கு) போற வயர். 2012ல என்ஜின் எறக்கினவங்க ஈசியூ (என்ஜின கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) வேற வச்சப்ப அத விட்டுட்டாங்க. இத்தனை வருசமா வண்டி லாக்-அப் இல்லாமயே ஓடிருக்கு! இப்போதைக்கு டேஷ்போர்டுல ஒரு சுவிட்ச் வச்சு குடுத்தாச்சு, 80ல முள்ளு 1860க்கு எறங்கிட்டு. ஒரு பைசா கன்வெர்ட்டருக்கு செலவில்ல.

அதனால மொத சாய்ஸ், இருக்கிறதையே வச்சுக்கிறது. டர்போவ கம்பெனி அளவுலயே விடப்போறீங்கன்னா, லாக்-அப்ப சரி பண்ணி, ஆயில் மாத்தி, தனியா ஒரு ஆயில் கூலர் வச்சுட்டு சும்மா இருங்க. என் ஓட்டு இதுக்குத்தான். ஆனா மாப்ள அடுத்த வருசம் டர்போ மாத்தப்போறான், பெரிசு. பெரிய டர்போ 3300, 3500 வரைக்கும் தூங்கும், 2200 ஸ்டால் கன்வெர்ட்டர் என்ஜின அங்க போக விடாது, சிக்னல்ல இருந்து கெளம்பும்போது டவுன் பஸ் கூட தாண்டிப் போயிரும். அப்படி இருந்தா மத்த சாய்ஸுக்கு அர்த்தம் உண்டு.

அடுத்தது இருக்கிற கன்வெர்ட்டரயே அறுத்துத் திறந்து ஸ்டால கூட்டுறது. தையல் போட்ட எடத்த லேத்துல வெட்டி, இம்பெல்லர் இதழ்களோட கோணத்த மாத்தி, இல்ல ஸ்டேட்டர மாத்தி, திரும்ப வெல்டிங். வெளிநாட்டுல இத செய்ய தனி ஆளுங்க இருக்காங்க, தனி மெஷின் இருக்கு. நம்ம பக்கம் கன்வெர்ட்டர் திறந்து பாத்த கை யாருதுன்னா ஜேசிபி, லோடர் வேலை பாக்கவங்க கைதான். அவங்க வேலைய கொறை சொல்லல, ஆனா ஜேசிபி என்ஜின் 2200கிட்டத்தான் சுத்தும், காரு 6500 சுத்தும். என் பழைய ஜீப்புக்கு இத நானே செஞ்சு பாத்தவன். ஒரு லேத் பட்டறைல குடுத்தேன், பேரு எதுக்கு, பாக்க வெல்டிங் அழகாத்தான் இருந்துச்சு. மாட்டி ஓட்டினா 2500க்கு மேல ஸ்டீரிங் வரை ஒரு நடுக்கம். ஒரு வாரம் கழிச்சு காலைல கதவ திறந்தா வண்டிக்கு கீழ வெத்தல எச்சி துப்பின மாதிரி செவப்பா ஒரு வட்டம். ஏடிஎஃப், ஆட்டோ பாக்ஸ் ஆயில். கன்வெர்ட்டரோட கழுத்து (பம்புக்குள்ள போற குழாய்) கொஞ்சம் கோணலா வெல்ட் ஆகி, சுத்துறப்ப ஆட்டம் போட்டு, முன் பக்கத்து பம்ப் சீல தின்னுட்டு. பாலன்ஸ் பண்ணீங்களான்னு கேட்டா, "அண்ணாச்சி, இது உருண்டையாத்தான இருக்கு, இதுக்கு என்ன பாலன்ஸ்"ங்கான். சவம், அன்னைக்கு சீலோட போச்சுன்னு சந்தோசப்பட்டேன், பம்பே போயிருந்தா பாக்ஸே போயிருக்கும். ரன்-அவுட் (சுத்துறப்ப வர்ற கோணல்) பாக்க டயல் கேஜும், பாலன்ஸ் மெஷினும், லீக் பாக்க காத்தழுத்தமும் இருக்கிற எடம் கிடைச்சா இது மலிவான நல்ல வழி. இல்லாத எடத்துல இந்தப் பக்கமே போகாதீங்க.

மூணாவது சாய்ஸ், புதுசா வரவழைக்கிறது. சின்ன விட்டம், 2700ல இருந்து 2800 ஸ்டால், லாக்-அப் உள்ளது. விட்டம் ஏன் முக்கியம்னா, கன்வெர்ட்டர் தாங்குற டார்க் விட்டத்தோட அஞ்சாவது அடுக்குக்கு ஏத்த மாதிரி மாறும். 12 இஞ்ச்ல இருந்து 10 இஞ்சுக்கு வந்தா, மத்தது எல்லாம் அப்படியே இருந்தாலே பிடிமானம் நாப்பது சதவீதமாயிரும், ஸ்டால் சுமார் 1.6 மடங்கு ஏறிரும். 1900 இருந்தது 3000. ரெண்டே இஞ்ச்! அதனால சும்மா "சின்னது நல்லது"ன்னு எறங்காதீங்க. நல்ல கன்வெர்ட்டர் செய்யவங்க விட்டம், இதழ் கோணம், ஸ்டேட்டர் மூணையும் சேத்துத்தான் ஒரு எண்ணுக்கு வருவாங்க. கேக்க வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கு. இதழ்கள் சும்மா மடக்கி வச்சதா, உலைல வச்சு உலோகத்த உருக்கி ஒட்டி பிரேஸ் பண்ணினதா? உள்ள வாஷரா, நீடில் பேரிங்கா? முன் மூடி தகடா, கட்டியா கடைஞ்சதா? அழுத்தமும் வேகமும் கூடுறப்ப தகடு மூடி பூரி மாதிரி உப்பும், உப்புனா ஃப்ளெக்ஸ் பிளேட் (என்ஜினையும் கன்வெர்ட்டரயும் சேக்குற தகடு) வழியா கிராங்க் தண்ட முன்னாடி தள்ளும், பம்ப பின்னாடி தள்ளும், ரெண்டுல எது முந்திப் போகும்னு சொல்ல முடியாது. லாக்-அப்புக்கு எத்தனை டிஸ்க்? கம்பெனி ஒத்த டிஸ்க் கம்பெனி டார்க்குக்குத்தான், பெரிய டர்போ போட்டு முழு த்ராட்டில்ல லாக் பண்ணினா ரெண்டு மாசத்துல கருகிரும்.

விலை? பொருளோட விலை ஒண்ணு, கப்பல் கூலியும் டூட்டியும் இன்னொண்ணு. இதுல ஒரு முக்கியமான விசயம், வெளிய பாக்குற விளம்பரத்துல பெரும்பாதி அமெரிக்க பாக்ஸுக்கு. அது டொயோட்டா பாக்ஸுல ஏறாது, இன்புட் தண்டோட பல்லு வேற, கழுத்து அளவு வேற. ஏ340 குடும்பத்துக்குன்னு கேட்டே வாங்கணும், அந்தக் குடும்பத்துக்குள்ளயும் வித்தியாசம் உண்டு, பாக்ஸ் மேல இருக்கிற தகட்டு நம்பர போட்டோ எடுத்து அனுப்புங்க. கூடவே வண்டி எடை, டயர் அளவு, கிரவுன், டர்போ, எந்த ஆர்பிஎம்ல எவ்வளவு டார்க், எப்படி ஓட்டுவீங்க, எல்லாம் எழுதி அனுப்பணும். இது எதையும் கேக்காம "எவ்வளவு ஸ்டால் வேணும் சார்"னு மட்டும் கேக்குற ஆள்ட்ட காச குடுக்காதீங்க.

நாலாவது, அவன் ஆசப்பட்ட 3500, லாக்-அப் இல்லாதது. கால் மைல் ஓட்டத்துக்கு அதுதான் ராஜா. எடை கம்மி, ஒடையுறதுக்கு சாமான் கம்மி, லைன்ல நின்னு மிதிச்சா என்ஜின் நேரா டர்போ எடத்துலயே எந்திரிக்கும். ஆனா புனலூர் போக வர 100 கிலோமீட்டர், முழுக்க வழுக்கிட்டே. முன்ன சொன்ன அந்த 240 ஆர்பிஎம் இதுல இன்னும் கூடும், பூட்டுறதுக்கு கிளட்சே கிடையாது. வருசத்துல ஒரு நாளைக்காக 364 நாள் எண்ணெய காய்ச்சணுமா? டிரெய்லர்ல ஏத்திட்டுப் போற வண்டினா வேற பேச்சு.

ஆட்டோவ தூக்கிட்டு மேனுவல் போட்டா என்னன்னு ஒருத்தர் கேட்டாரு. போடலாம், அதுல கன்வெர்ட்டர் கவலையே இல்ல. ஆனா தடி லாரிக்குப் பின்னாடி எஸ் வளைவுல அரை கிளட்ச்ல அரை மணி நேரம் நிக்குற முட்டிங்காலு அவருது இல்ல.

சூட்டப் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா எந்த கன்வெர்ட்டர் போட்டாலும் கடைசில கொல்லுறது அதுதான். ஆயில் 80ல இருந்து 95 டிகிரிக்குள்ள இருந்தா நிம்மதி. 115, 120 தாண்டினா ஆயில் கருக ஆரம்பிக்கும், வெள்ளத் துணில ஒரு சொட்டு விட்டுப் பாத்தா செவப்புக்குப் பதிலா கருப்பட்டி கலர்ல இருக்கும், மோந்து பாத்தா பொரிகடலை கருகின வாசம். புளியரை ஏத்தத்துல மாப்ளயோட மீட்டர் 118 காட்டுச்சு. அவன் டிலயே போட்டு ஏறுதான். 30 கிலோமீட்டர் வேகத்துல லேசா மிதிச்சுட்டு போனா பாக்ஸ் மூணாவதுக்கு மாறிரும், அப்ப டர்பைன் ஆயிரத்துல சுத்தும், என்ஜின் 1500ல சுத்தும், நடுவுல உள்ள 500ம் சூடு. லீவர 2ல இழுத்துப் போடச் சொன்னேன். அதே 30ல டர்பைன் 1500க்கு மேல வந்துட்டு, என்ஜின் சத்தம் கொஞ்சம் கூடுச்சு, வழுக்கல் கொறஞ்சிட்டு, ரெண்டு வளைவு தாண்டுறதுக்குள்ள முள்ளு 104. என்ஜின் கத்தினா சூடாகும்னு நம்ம காது சொல்லுது, கன்வெர்ட்டர் விசயத்துல காத நம்பாதீங்க. கூலர் ரேடியேட்டருக்கு முன்னாடி, அடுக்குத் தகடு மாடல், கன்வெர்ட்டர்ல இருந்து வெளிய வர்ற லைன்ல. மீட்டரோட சென்சாரும் அந்த வெளிய வர்ற லைன்லயே இருக்கணும், சம்ப்ல (பாக்ஸுக்கு அடில உள்ள ஆயில் தட்டுல) வச்சா பாதி உண்மைதான் தெரியும்.

கடைசில அவன் 2700, லாக்-அப் ரெண்டு டிஸ்க் உள்ளதுக்கு பணம் கட்டினான். டர்போ வர்ற வரைக்கும் பழசே போதும்னு சொன்னேன், கேக்கல, சரி அவன் காசு. பெட்டி வந்து சேர ரெண்டு மாசம். மாட்டினது புனலூர் பக்கத்து சேட்டன். ஒரு லிட்டர் ஆயில உள்ள ஊத்தி, பாக்ஸோட தண்டுல கன்வெர்ட்டர ஏத்தி, ரெண்டு கையால லேசா சுத்திட்டே உள்ள அழுத்துனாரு. டொக். இன்னும் சுத்துனாரு, டொக். நம்மாளு "முடிஞ்சுட்டா சேட்டா, தூக்கலாமா"ங்கான். "நிக்கு மோனே, ஒண்ணு கூடி உண்டு (இன்னும் ஒண்ணு இருக்கு)"ன்னு சொல்லிட்டு மெதுவா திருப்புனாரு, மூணாவது டொக். அதுதான் கழுத்து பம்போட காடில உக்காருற சத்தம். ரெண்டு டொக்குலயே பாக்ஸ தூக்கி போல்ட் போட்டு இறுக்கினா பம்ப் அங்கேயே நொறுங்கும், ஸ்டார்ட் பண்ணின பெறவுதான் தெரியும். போல்ட் எல்லாம் போட்ட பெறவு ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் கன்வெர்ட்டருக்கும் நடுவுல கேஜ் விட்டுப் பாத்தாரு, நாலு மில்லி. மூணுல இருந்து அஞ்சுக்குள்ள இருந்தா சரி.

திரும்பி வரும்போது கழுதுருட்டிக்கு மேல ஒரு தடி லாரி மாட்டுச்சு, கோட்டவாசல் வரைக்கும் அதுக்குப் பின்னாடிதான், லீவர் 2ல. மீட்டர் 91. ஸ்டால் எவ்வளவு வருதுன்னு மறுநாள் மரக்கடைல கட்டை வச்சுப் பாத்தோம், 2600தான் வந்துச்சு. ஏமாத்திட்டாங்கன்னு குதிச்சான். டர்போ மாத்தப்போறத வச்சு கூடின டார்க்கத்தான் நீ எழுதி அனுப்பிருக்க, அது வந்தாத்தான் 2700 வரும்னு சொல்லி உக்கார வச்சிருக்கேன்.